தென்னாப்பிரிக்காவின் கோல்டன் கேட்டில் நடக்கப் போகிறீர்களா? முதலில் இரவு தங்க இடம் பிடியுங்கள்

எங்கள் தாத்தா டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்குக்கு எத்தனையோ முறை போய்வந்திருக்கிறார். வழியிலுள்ள ஹாரிஸ்மித் ஊரில் ஒருமுறைகூட வண்டியை விட்டு இறங்கியதில்லை. ஆயா பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்த தேநீரை ஓடுகிற வண்டியிலேயே நாக்கு சுடச் சுடக் குடித்து முடித்துவிடுவார். வான் ரீனன் கணவாயைத் தாண்டினால் ஃப்ரீ ஸ்டேட். அங்கே இந்தியர் குடியிருக்கக் கூடாது, கடை வைக்கக் கூடாது, பயிர் செய்யக் கூடாது என்று 1891இல் அன்றைய போயர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) குடியரசு போட்ட சட்டம் 1986இல்தான் நீக்கப்பட்டது. சட்டத்தின் பிரிவு, உட்பிரிவு எதுவும் தாத்தாவுக்குத் தெரியாது. இருட்டுவதற்குள் அந்த மாகாணத்தைக் கடந்துவிட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

சட்டம் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பழக்கம் போகவில்லை. டர்பன் தமிழர்களில் பலருக்கு ஃப்ரீ ஸ்டேட் இன்றும் ஜோஹன்னஸ்பர்குக்குப் போகிற வழிதான். இரண்டு நகரங்களையும் இணைக்கும் என்3 சாலையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் விலகிப் போனால் கோல்டன் கேட் ஹைலேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. மஞ்சள் பாறைச் சுவர்கள், அடி குடைந்துபோன பெரும் குகைகள், குடை பிடித்தது போன்ற கற்கள், எல்லாவற்றுக்கும் நடுவே ஓடும் சிறிய கலெடன் ஆறு. டர்பனில் இந்தியர் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் பிறந்த என் அக்கா மக்களில் பாதிப் பேர் அந்தப் பெயரையே கேட்டதில்லை. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜோஹன்னஸ்பர்கில் இருப்பவர்களோ சிங்கம் பார்க்க க்ரூகர் போகிறார்கள், கடல் பார்க்க எங்கள் ஊருக்கு வருகிறார்கள், நடுவில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். மலை நடை பழக்கமில்லாத இந்த இரண்டு கூட்டத்துக்கும்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள்

டர்பனிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர். நிற்காமல் போனாலும் நாலரை மணி நேரம் ஆகும். நான் முதல்முறை போனபோது விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி மாலையே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று சுங்கச்சாவடிகள், கணவாயில் ஊர்ந்து ஏறும் லாரிகள், பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு என்று போய்ச் சேரவே பத்தரை ஆகிவிட்டது. பதினொன்றுக்கு நடக்கத் தொடங்கினோம். ஒன்றரைக்கு மேகம் திரண்டது, இரண்டுக்கு ஆலங்கட்டி மழை. நனைந்த துணியோடு வண்டிக்குள் உட்கார்ந்து, ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான் எங்கள் கோல்டன் கேட். திரும்பும்போது வான் ரீனனில் மூடுபனி. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிய, கைகள் மரத்துப்போகும் அளவுக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

இந்த மலையில் காலை நேரம்தான் நடப்பவருக்கு உரியது. கோடையில் பிற்பகலை இடி எடுத்துக்கொள்ளும். காலையில் நடக்க வேண்டுமென்றால் முந்தின இரவே அங்கே இருக்க வேண்டும். ஒரு இரவு போதாது, இரண்டு இரவு வேண்டும். பூங்காவுக்குள் கிளென் ரீனன் முகாமில் கூடாரம் போட இடமும் சிறு வீடுகளும் உண்டு. பிராண்ட்வாக் பாறைக்கு எதிரே ஹோட்டலும் இருக்கிறது. பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி என்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் பக்கத்திலுள்ள கிளாரன்ஸில் தங்குங்கள். அந்தச் சிற்றூரில் விருந்தினர் விடுதிகளுக்குக் குறைவில்லை, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

எந்த மாதம்

ஏப்ரல், மே. யோசிக்கவே வேண்டாம். நம் பஞ்சாங்கத்தில் சித்திரை, அங்கே இலையுதிர் காலம். மழை ஓய்ந்திருக்கும், புல் பொன்னிறமாகியிருக்கும், கிளாரன்ஸ் பக்கத்து நெட்டைப் பாப்ளர் மரங்கள் மஞ்சளாய் எரியும். ஒரே சிக்கல் ஈஸ்டர் விடுமுறை. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் திருவிழாவும் அந்த நாட்களில்தான் வரும். எங்கள் வீட்டில் அம்மனுக்குத்தான் முதல் உரிமை. திருவிழா முடிந்த அடுத்த வாரம் போவோம். அப்போது கூட்டமும் குறைந்திருக்கும்.

ஜூன், ஜூலையில் வானம் கண்ணாடி போல இருக்கும், இரவில் தண்ணீர் உறையும். குளிர் தாங்குகிறவர்களுக்கு நல்ல காலம். ஆகஸ்ட், செப்டம்பரில் காய்ந்த புல்லில் தீப் பரவும் ஆபத்து உண்டு. புகை தெரிந்தால் நடையை விட்டுவிடுங்கள். பனியும் கணக்குப் பார்த்து வருவதில்லை. 2024 செப்டம்பரில், வசந்தம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, வான் ரீனன் பக்கம் பெய்த பனியில் என்3 சாலையே மூடப்பட்டு, நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக்கொண்டன. செப்டம்பரில் போனாலும் கம்பளி ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

நவம்பர் முதல் மார்ச் வரை பச்சைப்பசேல் என்றிருக்கும், படம் எடுக்க அழகு. நடக்கிறவர்கள் மதியம் பன்னிரண்டுக்குள் கீழே இறங்கிவிட வேண்டும்.

என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள்

குகை வீடு என்றதும் நமக்கு மாமல்லபுரமும் சித்தன்னவாசலும் நினைவுக்கு வரும். உளியும் சுத்தியலும் கொண்டு மனிதர் கருங்கல்லைக் குடைந்த இடங்கள் அவை. இங்கே குடைந்தது தண்ணீர். மனிதர் பிறகுதான் வந்து குடியேறினார்கள்.

மலையைத் தூரத்தில் நின்று பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். கீழே சிவந்த களிமண் பாறை. அதன்மேல் வெளிறிய மஞ்சளில் செங்குத்தாக நிற்கும் சுவர்தான் கிளாரன்ஸ் மணற்கல். ஒரு காலத்தில் இந்த இடம் பாலைவனம். காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை அந்தச் சுவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சிகளில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. மணற்கல் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் கீழே இறங்கி, தன்னை உள்ளே விடாத களிமண் அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் கசியும். கசியும் இடத்தில் உப்புப் பூக்கும், குளிர்காலத்தில் நீர் உறைந்து விரியும், பாறை செதில் செதிலாக உதிரும். அடி தேய்ந்து உள்ளே போக, மேற்பகுதி நெற்றி போல முன்னால் துருத்தி நிற்கும். அந்த நெற்றிக்குக் கீழேதான் குகைகள். உண்மையில் ஆழமான குகைகள் குறைவு. பெரும்பாலும் நம் ஊர்த் தாழ்வாரம் போல, மழைக்கு ஒதுங்கும் அகலமான கூரைகள்தான்.

அந்தக் கூரைகளின் கீழே இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் வாழ்ந்தார்கள். ஆங்கிலேய-போயர் போரின்போது ஆங்கிலேயரின் தடுப்பு முகாம்களுக்குத் தப்பிய போயர் குடும்பங்கள் இங்கே ஒளிந்திருந்தன. மனிதருக்கு வெகு காலம் முன்பே குடித்தனம் நடத்தியவர்களும் உண்டு. 1976இல் இந்தப் பூங்காவில் டைனோசர் முட்டைகள் கண்டெடுக்கப்பட்டன, உள்ளே கருவோடு. வயது சுமார் 19 கோடி ஆண்டு. பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள் என்றால் கதையை முட்டையிலிருந்து தொடங்குங்கள். பிறகு அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு நடப்பார்கள்.

பையில் என்ன

காலணிதான் முதல் செலவு. கணுக்காலைப் பிடிக்கும், அடியில் நல்ல வெட்டு உள்ள காலணி. காவடி எடுத்து வெறுங்காலில் மணிக்கணக்கில் நடந்த கால் இது என்று சொல்லிக்கொண்டு என் தம்பி ரப்பர் செருப்போடு வந்தான். மணற்கல்லின் மேல் உதிர்ந்து கிடக்கும் மணல், மாவு தூவிய தரை மாதிரி. அரை மணி நேரத்தில் உட்கார்ந்த நிலையில் பத்து அடி சறுக்கினான். முருகன் காப்பாற்றினார், கால்சட்டையைக் காப்பாற்றவில்லை.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தொப்பி, வெயில் களிம்பு. மலைக் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் எரிவது தெரியாது, மாலையில்தான் தெரியும். மழைச் சட்டை ஒன்று, கம்பளிச் சட்டை ஒன்று, வானம் எப்படி இருந்தாலும். காலையில் வியர்த்து மதியத்தில் நடுங்குகிற ஊர் அது. டார்ச், கட்டுத்துணி, ஒரு விசில். பள்ளத்தாக்குகளில் செல்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத இடங்கள் உண்டு. அதனால் எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வரவேற்பறையில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோற்றை மிஞ்சியது இல்லை. கெடாது, ஆறினாலும் ருசி, கையால் சாப்பிடலாம். உருளைக்கிழங்கு வைத்த ரொட்டி ரோலும் நல்லது. ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சோவை டர்பனிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மலையில் அதற்கு மரியாதை இருக்காது. மணக்க மணக்கக் குழம்பு கொண்டுபோனால் பபூன் குரங்குகள் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும். பையைக் கீழே வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள், வண்டிக் கண்ணாடியைத் திறந்து வைக்காதீர்கள். பாவமாக இருக்கிறதே என்று ஒரு துண்டு ரொட்டி போட்டால், அடுத்து வருகிறவர் கையிலிருந்து அது பிடுங்கித் தின்னும்.

வழி

டர்பனிலிருந்து என்3 சாலையில் ஹாரிஸ்மித். அங்கே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு ஆர்712 சாலை பிடித்தால் நேரே பூங்காவுக்குள் கொண்டுபோய்விடும். ஜோஹன்னஸ்பர்கிலிருந்து வருகிறவர்களுக்கு நான்கு மணி நேரம் போதும். மழைக்காலத்தில் சாலைக் குழிகளும், வேலியில்லாத பகுதிகளில் மாடுகளும் உண்டு. இருட்டில் ஓட்டாதீர்கள்.

ஆர்712 பொதுச் சாலை. பூங்காவின் நடுவே போகிறது. சும்மா கடந்து போகிறவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இறங்கி நடக்கிறவர் கட்ட வேண்டும். தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. அதனால் அடையாள அட்டையை மறக்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் குடியிருப்பு அனுமதிக்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆண்டுக்கு நாலைந்து முறை தேசியப் பூங்காக்களுக்குப் போகிற குடும்பம் என்றால் வைல்ட் கார்டு என்ற ஆண்டு அட்டை லாபம்.

முதல் நாள்: கால்களுக்கு ஒத்திகை

மதியம் இரண்டுக்குள் போய்ச் சேருங்கள். பூங்காவின் மிகத் தாழ்ந்த இடமே 1,892 மீட்டர் உயரம். ஏறக்குறைய ஊட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். கடல் மட்டத்தில் வாழ்கிற டர்பன் நுரையீரலுக்கு அது உடனே தெரியும். முதல் நாள் படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கும். வயதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், மறுநாள் சரியாகிவிடும்.

அன்றைக்குக் குறுகிய நடைகள் மட்டும். கிளென் ரீனனிலிருந்து கிளம்பும் பாதைகளில் எக்கோ ராவைன் எனக்குப் பிடித்தது. போய்வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓஹௌட் என்கிற முறுக்கிய மரங்களின் நிழலில் ஏறிப்போனால், இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்து, வானம் ஒரு நாடா அகலத்துக்குச் சுருங்கிவிடும். பெயருக்கேற்ப எதிரொலிக்கும் இடம். கத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒருமுறை போதும், பறவைகளுக்கும் வீடு அது. மஷ்ரூம் ராக்ஸ் பாதையில் காளான் குடை போல மேலே விரிந்து கீழே ஒடுங்கிய பாறைகளுக்கு அடியிலேயே நடந்து போகலாம். தாழ்வாரம் போன்ற அமைப்பு என்று மேலே சொன்னதை இங்கே கையால் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். விரல் பட்டதும் மணல் உதிரும். உதிர்கிறதே என்று சுரண்டாதீர்கள், பெயர் எழுதாதீர்கள். எழுதியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஐந்து மணிக்கு ஹோட்டல் பக்கம் வந்து பிராண்ட்வாக் பாறையைப் பார்த்தபடி நில்லுங்கள். கப்பலின் முகப்புப் போலப் பள்ளத்தாக்குக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். 1875இல் வான் ரீனன் என்ற விவசாயி மனைவியோடு தன் புதிய பண்ணைக்கு இந்த வழியாக வந்தபோது, கடைசி வெயில் இந்தச் சுவர்களில் விழுந்ததைப் பார்த்து ‘பொன் வாசல்’ என்று பெயர் வைத்தார் என்பார்கள். நம் ஆட்களுக்கு அந்த வாசல் திறக்க இன்னும் நூற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆயின. பகலில் வந்துபோகிறவர்கள் எல்லோரும் இந்த ஒளி வருவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

இரண்டாம் நாள்: பிராண்ட்வாக்

ஐந்தரைக்கு எழுந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். கீழிருந்து பார்க்கும்போது இதன் மேல் எப்படி ஏறுவது என்று தோன்றும். பாதை பக்கவாட்டில் சுற்றி, புல்வெளியிலும் பாறைப் படிகளிலும் ஏறுகிறது. புதியவர்கள் நின்று நின்று ஏறினால் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். உச்சிக்குச் சற்று முன்னால் செங்குத்தான ஒரு துண்டு, பிடித்துக்கொள்ளப் பாறையில் சங்கிலி பதித்திருக்கிறார்கள். முகத்தைப் பாறை பக்கம் வைத்து, கைகளை நம்பாமல் கால்களை நம்பி ஏறுங்கள். ஒருவர் ஏறி முடித்த பிறகே அடுத்தவர். இறங்கும்போதும் முகம் பாறை பக்கமே. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் இந்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம். என் நாத்தனார் ஒவ்வொரு முறையும் அங்கேயே உட்கார்ந்து லலிதா சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் உட்காரும் இடத்திலிருந்து தெரியும் காட்சி ஒன்றும் குறைந்ததல்ல.

மேலே தட்டையான பாறை. ஓரத்துக்கு வேலி கிடையாது. பிள்ளைகளின் கை உங்கள் கையில் இருக்கட்டும். விளிம்பில் நின்று படம் எடுத்தே ஆக வேண்டும் என்று அடம் பிடிக்கும் பெரியவர்களின் கையும்.

இறங்கி வந்து ஓய்வெடுத்த பிறகு, வானம் தெளிவாக இருந்தால் மட்டும், ஹோல்க்ரான்ஸ் பாதை. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அந்தப் பெயருக்கே ‘குடைந்த பாறைச்சுவர்’ என்று பொருள். பிராண்ட்வாக் பக்கமிருந்தே தொடங்கி, மணற்கல் சுவரின் அடியை ஒட்டி, ஒரு குகை விட்டு ஒரு குகையாகப் போகலாம். ஒரு பெரிய குகையின் உள்ளே போய், சுவரில் சாய்ந்து, பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி. வாசல் பெரும்பாலும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும், யார் வந்தாலும் முன்கூட்டியே தெரியும். இந்த இடத்தை ஏன் மனிதர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கதீட்ரல் கேவ் என்ற பெருங்குகைக்கும் பாதை உண்டு. அரை நாள் பிடிக்கும். மொட்டைத் தலை ஐபிஸ் என்ற அரிய பறவை அங்கே கூடு கட்டுவதால் அந்தப் பருவத்தில் மூடிவிடுவார்கள். வரவேற்பறையில் கேட்டுக்கொள்ளுங்கள். வுட்ஹவுஸ் சிகரமும், இரண்டு நாள் நடக்கும் ரிபோக் பாதையும் அடுத்த ஆண்டுக்கு.

இடி, பாம்பு, வழுக்கல்

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் அது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முகட்டை விட்டு உடனே இறங்குங்கள். தனி மரத்தடி ஆகாது. பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஆழமில்லாத குகையின் வாசலும் ஆகாது. மேலிருந்து பாறை வழியே ஓடிவரும் மின்சாரம் வாசல் இடைவெளியைத் தாண்டும்போது நடுவில் நிற்பவர் மேல் பாயலாம். ஓடைகளும் அந்த நேரத்தில் திடீரென்று பெருகும். நனைந்த மணற்கல் சோப்புத் தேய்த்தது போல வழுக்கும்.

பாம்புகளில் பஃப் ஆடர் என்ற விரியனுக்குப் பயப்படுங்கள். மற்ற பாம்புகள் காலடி அதிர்வு கேட்டு விலகும், இது நகராமல் படுத்திருக்கும். நீண்ட கால்சட்டை போடுங்கள், கை வைக்கும் இடத்தைப் பார்த்துக் கை வையுங்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். கடிபட்டவரை அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செல்பேசியிலிருந்து அவசர எண் 112. ஆம்புலன்ஸ் 10177.

மூன்றாம் நாள்: குகையில் வாழ்கிறவர்களைப் பார்க்க

பூங்காவுக்குள் இருப்பவை வெறும் குகைகள். ஆட்கள் இருக்கும் குகைகளைப் பார்க்க வெளியே போக வேண்டும்.

கிளாரன்ஸ் அருகே மொதௌலெங் என்ற பெரும் பாறைக் கூரை இருக்கிறது. இந்தப் பகுதியிலும் பக்கத்து நாடான லெசோத்தோவிலும் வாழும் பசோத்தோ மக்களுக்குப் புனித இடம். பாரம்பரிய வைத்தியர்களும் நேர்ந்துகொண்டு வருகிறவர்களும் பாறையின் அடியில் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய சிறு அறைகளில் தங்கி, முன்னோரை வழிபடுகிறார்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். நமக்கு இங்கே யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலணியைக் கழற்றுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், படையலைத் தாண்டி நடக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் கோவிலில் தீமிதிக்கும்போது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறவர்களைக் கண்டால் உங்களுக்கு எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் அவர்களுக்கும்.

பாஸ்போர்ட் இருந்தால் காலெடன்ஸ்பூர்ட் எல்லைச் சாவடி வழியாக லெசோத்தோவுக்குள் போய், புத்தா-புத்தே நகரைத் தாண்டி லிபோஃபுங் குகையைப் பார்க்கலாம். லெசோத்தோ நாட்டை உருவாக்கிய முதலாம் மொஷோஷோ மன்னர் பயன்படுத்திய இடம். சான் ஓவியங்கள் இருக்கின்றன. ஓவியத்தின் மேல் விரல் வைக்காதீர்கள், தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீரும் தெளிக்காதீர்கள். வழி கேட்கும்போது ஒரு சூட்சுமம். லெசோத்தோவில் ‘லி’ என்று எழுதுவதை ‘டி’ என்றுதான் சொல்வார்கள். ‘டிபோஃபுங்’ என்று கேட்டால் சட்டென்று கை நீட்டுவார்கள். ஆண்களை ‘ந்தாதே’, பெண்களை ‘ம்மே’ என்று கூப்பிட்டு, ‘டுமேலா’ சொல்லுங்கள். நம் ஐயா, அம்மா, வணக்கம் அப்படியே. முகமன் சொல்லாமல் நேரே கேள்விக்குப் போவது அங்கே மரியாதைக் குறைவு.

லெசோத்தோவிலேயே ஹா கோமே குகை வீடுகள் கொஞ்சம் தூரம். தெயாதெயானெங் நகரிலிருந்து உள்ளே போக வேண்டும், தனியாக ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள். பாறைக் கூரைக்கு அடியில் குயவர் சூளை மாதிரி வளைந்த மண் வீடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்களும் பஞ்சமும் மனிதரை மனிதர் தின்னும் கொடுமையும் நாட்டை அலைக்கழித்தபோது ஒளிந்துகொள்ளக் கட்டியவை. கட்டியவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். மண்ணையும் சாணத்தையும் குழைத்துப் பூசிய சுவர். ஆயா வீட்டு முற்றத்தைச் சாணம் போட்டு மெழுகிப் பார்த்தவர்களுக்கு அந்த வாசனை போதும். வாசல் தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். அழைத்தால் போங்கள்.

எல்லை தாண்டுகிறவர்கள் வண்டிப் பதிவுச் சான்றை எடுத்துப் போங்கள். வண்டி வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் கடிதமும், வாடகை வண்டி என்றால் அந்த நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். பிள்ளைகள் இருந்தால் பிறப்புச் சான்றிதழ். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் லெசோத்தோ விசா விதியையும், திரும்பி உள்ளே வர உங்கள் அனுமதி இடம் கொடுக்கிறதா என்பதையும் கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையில் நின்று பார்க்கிற விஷயம் அல்ல அது.

திரும்பும் வழி

பன்னிரண்டு மணிக்குள் புறப்பட்டால் கணவாயை மூடுபனிக்கு முன்னால் கடந்துவிடலாம். வான் ரீனனில் லாரிகளை அவசரப்பட்டு முந்தாதீர்கள், தாழ்ந்த கியரில் இறங்குங்கள். அதற்கு முன்னால் ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போடும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, ஒரு தேநீர் வாங்குங்கள். நான் வாங்குவேன். சூடாக இருந்தால் ஆறட்டும் என்று மேசை மேல் வைத்துவிட்டு, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.